பச்சை விளக்குக்கு ஒரு ஜம்பர்

பிப்ரவரி 4

அன்புள்ள கடுகுக்கு,

அப்பா எழுதுவது. அன்றைக்குப் போனை நான்தான் வைத்தேன். கை தவறவில்லை, லைனும் போகவில்லை. நீ மூன்று தடவை “என்னப்பா? என்னப்பா?” என்று கேட்டாய். நான் சொன்னது “சாப்பிட்டேன்” என்ற ஒரே வார்த்தை. அதையே மகளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வராத வாயை வைத்துக்கொண்டு, வெளிநாட்டில் பார்க்கிற வேலையை நீ விடக் கூடாது என்று எப்படி வாதாடுவது? அதனால்தான் கடிதம். ஸ்ட்ரோக் இடது பக்கத்தைத்தான் பிடித்தது. எழுதுகிற கை இன்னும் என் கட்சியில்தான் இருக்கிறது.

நீ போட்ட நிபந்தனையை மறக்கவில்லை. “வீட்டுக்குப் போய் ரெண்டு மாடியும் தனியா ஏறணும். முடியலன்னா இங்க இன்னும் மூணு வருஷத்துக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட மாட்டேன், கிளம்பி வந்துடுவேன்.” ஆயுசு முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், லிஃப்டே இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறான். இதை இங்கே யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நானும் கூடவே சிரித்துவைக்கிறேன். என் சிரிப்பு ஒரு பக்கம்தான் போகிறது.

இந்தப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. கால் முழுசாகப் போய்விடவில்லை. இடுப்பிலிருந்து முழங்கால் வரை சொன்னால் கேட்கிறது. பாதம் மட்டும் வேலைநிறுத்தம். அடி எடுத்து வைத்தால் முன்பாதம் தொங்கிவிடுகிறது, விரல்கள் தரையைக் கூட்டிக்கொண்டே வருகின்றன. இங்கே தாழ்வாரத்தைப் பெருக்குகிற ஆயா, “எனக்கு வேலை மிச்சம்” என்கிறார்.

இனி மிஷின் சமாச்சாரம். தலையில் ஒரு தொப்பி மாட்டுகிறார்கள். குளிக்கும்போது முடி நனையாமல் போடுவார்களே, அந்த மாதிரி. ஆனால் பொத்தான் பொத்தானாக ஒயர். ஒவ்வொரு பொத்தானுக்கு அடியிலும் பசை. என் வழுக்கைக்கு முதல்முறையாக மரியாதை கிடைத்தது இங்கேதான். “முடியே இல்ல, சிக்னல் அருமையா வரும்!” என்று டீச்சர் சந்தோஷப்பட்டார். டீச்சர் என்பது நான் வைத்த பெயர். பயிற்சி கொடுக்கிற பெண், உன் வயசுதான் இருக்கும். மார்க் போடுகிறவர் டீச்சர்தானே?

எதிரே ஒரு திரை. முதலில் ‘ஓய்வு’ என்று வரும். பிறகு மேல்நோக்கி ஒரு அம்பு. அம்பு வந்ததும் இடது பாதத்தைத் தூக்குவதாக நினைக்க வேண்டும். நிஜமாகவே நினைத்தால் தொப்பி கண்டுபிடித்துவிடுமாம். உடனே பச்சை விளக்கு எரியும், முழங்காலுக்குக் கீழே ஒட்டிய பட்டைகளில் கரண்ட் பாயும், பாதம் எழும்பும். நினைப்பு போதவில்லை என்றால் சிவப்பு, கரண்டும் கிடையாது. நடுவில் கண்ணைச் சிமிட்டக் கூடாது, தலையை ஆட்டக் கூடாது, பல்லைக் கடிக்கக் கூடாது, பேசக் கூடாது. கடைசி விதிதான் எனக்குக் கஷ்டம்.

இதுவரை எல்லாம் சிவப்பு. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு சிவப்பு பார்த்ததில்லை.

“என்ன நினைச்சீங்க?” என்றார் டீச்சர்.

“தூக்கு, தூக்குன்னுதான்.”

“அது வார்த்தை சார். நான் கேக்குறது தூக்குறதை.”

எனக்கு விளங்கவில்லை. விளங்கிய மாதிரி தலையாட்டினேன். அதற்கும் ஒரு சிவப்பு.

இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். நீ பேசாமல் கையெழுத்துப் போடு.

இப்படிக்கு,
பெஞ்சு மேல் நிற்கும் அப்பா


பிப்ரவரி 14

அப்பா,

உங்கள் கடிதத்தில் சிரிக்க நிறைய இருந்தது. நான் கேட்டதற்குப் பதில்தான் இல்லை. கரண்ட் இல்லாமல் உங்கள் பாதம் கொஞ்சமாவது எழும்புகிறதா? கைத்தடி இல்லாமல் எவ்வளவு தூரம் போகிறீர்கள்? விழுந்தீர்களா? விழுந்திருந்தால் அதை ஜோக்காக எழுதாமல், விழுந்தேன் என்று எழுதுங்கள்.

அந்தத் தொப்பி உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்குமென்றால் எனக்கும் ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்துக்கு மாட்டிப் பார்க்க வேண்டும்.

இங்கே நாள் முழுக்கப் பல் டாக்டரின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, நோயாளிகளின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாரும் என் முன்னால் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒருவரும் பேசுவதில்லை. அறைக்கு வந்தால் உட்கார முடியவில்லை. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே நடக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கூட இருக்கும் இரண்டு பெண்களும், “கொஞ்சம் உக்காரேன், எங்களுக்குத் தலை சுத்துது” என்கிறார்கள்.

மார்ச் கடைசிக்குள் பதில் சொல்லச் சொல்லி மேனேஜர் மறுபடி கேட்டுவிட்டார். நான் சொன்னது சொன்னதுதான். இரண்டு மாடி. சும்மா சொல்லவில்லை.

போனில் உங்கள் பேச்சு புரியவில்லை என்று கேட்டது தப்பா? வேறு எப்படிக் கேட்பது?

கடுகு


பிப்ரவரி 25

அன்புள்ள கடுகுக்கு,

உட்கார். இந்தக் கடிதத்தை நடந்துகொண்டே படிக்காதே.

உன் அப்பா பச்சை வாங்கிவிட்டான்! ஒன்றிரண்டு இல்லை. போன வாரத்திலிருந்து அம்பு வருவதும் பச்சை எரிவதும் ஒன்றுதான். பாதம் ‘விருட்’டென்று எழும்புகிறது, ராணுவத்தில் சல்யூட் அடிக்கிற மாதிரி. டீச்சர் பெரிய டாக்டரைக் கூட்டிவந்து காட்டினார். அவர் என் வழுக்கையைப் பார்த்து, “எப்படி சார்?” என்றார். “எல்லாம் உழைப்புதான்” என்றேன். இந்த வாய் அந்த வார்த்தையை மட்டும் குழறாமல் சொல்லிற்று, பார்த்துக்கொள்.

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருக்கிறார். சாமான்களை ஏலம் விடுவது தொழில். அவருக்கும் இதே பாதம், இதே தொப்பி. கிசுகிசுத்தாலும் தெருமுனை வரை கேட்கும். “ஒரு தரம்! ரெண்டு தரம்! இந்த மனுஷனுக்கு மட்டும் எப்படிய்யா பச்சை?” என்று காலையிலிருந்து கூவிக்கொண்டிருக்கிறார். பொறாமைதான், வேறென்ன.

நீ கேட்டதற்குப் பதில். விழவில்லை. கைத்தடி இருக்கிறது, ஆனால் அதை ஒரு அழகுக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றே வைத்துக்கொள். கரண்ட் இல்லாமல் எழும்புகிறதா என்பதற்கு, வரும், வரும்.

ஒரே ஒரு தொந்தரவு. இது உன் இலாகா என்பதால் கேட்கிறேன். கொஞ்ச நாளாகக் கடைவாய்ப் பல் இரண்டு பக்கமும் வலிக்கிறது. காதுக்கு முன்னால், தாடை எலும்பு திரும்புகிற இடத்தில், ஒரு கடுகடுப்பு. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத்தான் முழுங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை பயிற்சி கிடையாது, அன்றைக்கு நன்றாக இருந்தது. திங்கட்கிழமை மறுபடி ஆரம்பித்துவிட்டது. இங்கே மெத்தையும் தலையணையும் சரியில்லை, அதனாலா? என்ன மாத்திரை போடலாம் என்று எழுது.

இனிமேல் யோசிக்க என்ன இருக்கிறது? கையெழுத்துப் போட்டுவிட்டு எனக்கு எழுது.

இப்படிக்கு,
வகுப்பில் முதல் மாணவன்


மார்ச் 8

அப்பா,

மாத்திரை வேண்டாம். பல்லைக் கடிப்பதை நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தை வாசித்ததும் எங்கள் டாக்டரிடம் கேட்டேன். தாடையை இறுக்கிக் கடிக்கிறவர்களுக்கு இதே இடத்தில்தான் வலி வரும் என்றார். தலையில் இப்படித் தொப்பி மாட்டி மூளையின் சிக்னலைப் பிடிக்கும்போது தாடைத் தசை இறுகினால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். தாடைத் தசை நெற்றிப் பொட்டு வரை இருக்கிறது, அதன் மின்சாரம் மூளையுடையதைவிடப் பல மடங்கு பெரிது, மிஷின் ஏமாந்துபோகும் என்றார். பல்லைக் கடிக்கக் கூடாது என்று முதல் நாளே டீச்சர் சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆக, அம்பு வந்ததும் பல்லைக் கடிக்கிறீர்கள். பச்சை எரிகிறது. கால் சல்யூட் அடிக்கிறது. பெரிய டாக்டர் அசந்துபோகிறார். இதில் உங்கள் பாதத்துக்கு என்ன தெரிந்தது?

லிஃப்டின் கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது, அதற்குப் பூட்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்த சுவிட்ச் பழுதானதும் சரிசெய்யச் சோம்பல்பட்டு, ஒரு துண்டு ஒயரால் ஜம்பர் போட்டு, கதவு மூடிவிட்டது என்று மிஷினை நம்ப வைத்த ஆளை அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பினீர்கள். “கதவைத் திறந்து போட்டுட்டு ஓடுற லிஃப்ட்ல உன் புள்ளைய ஏத்துவியா?” என்று போனில் கத்தியது அடுப்படி வரை கேட்டது. இப்போது உங்கள் தலையிலேயே ஜம்பர் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதைக் காட்டி என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதிவிட்டுக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன்.

பச்சை வந்தது என்று வாசித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உங்களுக்குச் சரியாகிவிட்டால் நான் வருவதற்குக் காரணம் இல்லை. ஸ்ட்ரோக் என்று செய்தி வந்த அன்று அழுதேன். அழும்போதே, இனி ஊருக்குப் போகலாம் என்று ஒரு நினைப்பும் வந்தது. நான் கூப்பிடாமலே வந்தது. பெற்ற அப்பாவின் கால் விழுந்ததில் எனக்கு ஒரு கதவு திறந்தது என்றால் நான் என்ன பிறவி?

நீங்கள் எல்லாரிடமும் என்னைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருந்தீர்கள். அதனால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். திட்டுவதானால் திட்டுங்கள். ஜோக் மட்டும் அடிக்காதீர்கள்.

கடுகு


மார்ச் 19

என் கடுகுக்கு,

ஜோக் அடிக்காமல் எழுதப் பார்க்கிறேன். வந்துவிட்டால் மன்னித்துக்கொள். எனக்கு அதுவும் ஒரு வியாதி.

நீ எழுதியது அத்தனையும் சரி. ஒரு நாள் எரிச்சலில் பல்லைக் கடித்தேன், பச்சை எரிந்தது. மறுபடி கடித்தேன், மறுபடி எரிந்தது. பழுது எங்கே என்று தேடாமல் விளக்கு எரிந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன். மார்ச் கடைசி வந்துகொண்டே இருந்தது. என் காலுக்காக நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்து நிற்பாய் என்ற நினைப்பில் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலில் உட்கார்ந்தால் எழ வேண்டும் போல இருக்கும், எழுந்தால் கால் வராது.

உன் கடிதம் வந்ததும் யாரிடமும் சொல்லவில்லை. மடித்து வைத்துவிட்டு, மறுநாளும் போய்ப் பல்லைக் கடித்துப் பச்சை வாங்கினேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

இதற்கு நடுவில் இன்னொரு காரியமும் செய்திருந்தேன். ஏலக்காரர் தொல்லை தாங்காமல் அவருக்கும் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவருக்கு இருப்பது பல் செட். முந்தாநாள் அம்பு வந்ததும் மனுஷன் இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து ஒரு கடி கடித்தார். அறை முழுக்கக் கேட்கும்படி ‘டக்’. கீழ்செட் இரண்டாகப் போய்விட்டது. பச்சையும் எரிந்தது, அதைச் சொல்ல வேண்டும். டீச்சர் பதறிப்போய், “என்ன சார் ஆச்சு?” என்று ஓடி வந்தார். இவர் பாதிப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு, “பழைய செட்டும்மா, தானா உடைஞ்சுது” என்கிறார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருடைய காலையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன், அவர் எனக்காகப் பொய் சொல்கிறார்.

டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். குழறிக் குழறி, மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “கரண்ட் இல்லாம அளந்து பாக்கும்போது உங்க பாதம் சேர்ந்த அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. மிஷின் தப்பா, நான் தப்பான்னு ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல சார்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“காலைத் தூக்க கரண்ட் போதும். சுவிட்சைத் தட்டினா நானே தூக்கிடுவேன். நீங்க தூக்கணும்னு நினைக்கிற அந்த நொடியிலயே கால் எழும்பணும். ரெண்டும் சேர்ந்து சேர்ந்து வந்தாத்தான் மூளைக்கும் காலுக்கும் நடுவுல அறுந்த வழி மறுபடி உண்டாகும். நீங்க பல்லுக்கும் காலுக்கும் வழி போட்டிருக்கீங்க.” பிறகு, “இதைக் கண்டுபிடிச்சு நிறுத்துற மாதிரி நாங்களும் முதல்லயே ஒரு ஏற்பாடு வெச்சிருக்கணும்” என்றார். இப்போது எங்கள் இருவர் தாடையிலும் ஒரு ஒயர். கடித்தால் மிஷின் நின்றுவிடும்.

மறுபடி எல்லாம் சிவப்பு. நேற்று மத்தியானம் வரை.

டீச்சர் சொன்னார்: “வார்த்தையை விடுங்க. உங்க கால் யோசிக்காமலே எப்பவாவது எழும்பியிருக்குமே, அதை நினைங்க.” எனக்கு லிஃப்ட் ஞாபகம் வந்தது. சில லிஃப்ட் தளத்துக்குச் சரியாக நிற்காது, ஒரு விரல் உயரம் தூக்கி நிற்கும். உள்ளே கால் வைக்கும்போது முன்பாதம் தானே மேலே போகும், தடுக்காமலிருக்க. அப்படி எத்தனை ஆயிரம் தடவை வைத்திருப்பேன்! அந்த விளிம்பை நினைத்தேன். அம்பு வந்தது. பச்சை எரிந்தது. பல் சும்மாதான் இருந்தது, கடுகு. டீச்சர் தாடை ஒயரைத்தான் முதலில் பார்த்தார். அதற்கப்புறம் நாலைந்து சிவப்பு. ஆனால் அந்த ஒன்று என்னுடையது.

இனி உன் சமாச்சாரம். நீ என்ன பிறவி என்று கேட்டாய். வீட்டுக்கு வர ஆசைப்படுகிற பிறவி. ஒரே நேரத்தில் இரண்டு நினைப்பு வருவது குற்றமென்றால், என்னை அந்தத் தொப்பியோடு ஜெயிலில் போட வேண்டும். என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள் என்று இந்த ஏலக்காரரிடம்கூட நாலு தடவை சொல்லியாகிவிட்டது. அந்தப் பெருமை எனக்கு வேறெதிலாவது கிடைக்கும். இல்லாவிட்டாலும் பெருமை இல்லாமல் இருந்து பழகிக்கொள்கிறேன்.

கால் சரியாகவில்லை என்பதற்காக நீ வர வேண்டாம். சரியாகிவிட்டது என்பதற்காக வராமலும் இருக்க வேண்டாம். உனக்கு அங்கே இருக்கப் பிடித்திருக்கிறதா? அதை மட்டும் எழுது.

அப்பா


ஏப்ரல் 1

அப்பா,

பிடிக்கவில்லை.

இதை எழுத இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. எழுதிவிட்டு அறையில் நடந்தேன். கூட இருக்கும் பெண் எழுந்து நாற்காலியை வழியில் போட்டாள், நான் முட்டி நிற்கட்டும் என்று.

நேற்று மேனேஜர் காகிதத்தை நீட்டினார். அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். “வேற எங்கயாவது வேலை கிடைச்சிடுச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அப்புறம் ஏன் என்றார். உங்கள் காலைச் சொல்லியிருக்கலாம், உடனே தலையாட்டியிருப்பார். வாய் வரை வந்தது. சொல்லவில்லை. “வீட்டுக்குப் போறேன்” என்றேன். அவருக்குப் புரியவில்லை, போகட்டும்.

வந்து என்ன செய்வாய் என்று கேட்காதீர்கள். அங்கேயும் மனிதர்களுக்குப் பல் இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. சரியாகச் செய்தேனா என்று ஒரு மணிக்கொரு தரம் கேட்டுக்கொள்கிறேன்.

மே முதல் வாரத்தில் வருகிறேன். அதற்குள் டீச்சர் போடும் மார்க்கை எனக்கு எழுத வேண்டாம். பச்சையும் வேண்டாம், சிவப்பும் வேண்டாம். நல்லதாக இருந்தால் அவசரப்பட்டேனோ என்று தோன்றும். இல்லாவிட்டால் உங்களுக்காகத்தான் வந்தேன் என்று பேச்சு மாறும். இரண்டும் வேண்டாம்.

ஏலக்காரருக்குப் பல் செட் ஆயிற்றா? அதை எழுதுங்கள்.

கடுகு


ஏப்ரல் 20

என் கடுகுக்கு,

ஏலக்காரருக்குப் புது செட் வந்துவிட்டது. குரல் முன்னைவிட ஒரு தெரு அதிகம் போகிறது. பயிற்சி முடிந்து நான் கிளம்பும்போது, “ஒரு தரம், ரெண்டு தரம், போறான்யா!” என்று வாசல் வரை வந்து கூவினார். கைத்தடியோடு வந்தார், ஆனால் வந்தார். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்லயும் அந்த விளிம்பை நினைச்சுக்கிட்டே நடங்க சார்” என்றார். மார்க் எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. எழுதாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. இரண்டு தடவை எழுதி அடித்திருக்கிறேன், மேலே பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

இந்தக் கடிதம் எங்கிருந்து என்று நீ ஊகிக்க முடியாது. நம் கட்டடத்தின் முதல் மாடித் திருப்பத்தில், படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் வந்து இறங்கினேன். ஒரு மாடி ஏறியாகிவிட்டது. எப்படி ஏறினேன் என்பது எனக்கும் கைப்பிடிக்கும் நடுவில் இருக்கட்டும். மூச்சு வாங்குகிறது. இன்னொரு மாடி தலைக்கு மேலே நிற்கிறது. வாழ்க்கை முழுக்க ஆட்களைப் பொத்தானை அழுத்தி மேலே அனுப்பியவனுக்கு ஒரு படி எவ்வளவு உயரம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

முதல் மாடிக்காரம்மா கதவைத் திறந்து பார்த்தார். “ஐயோ, சார்! நாற்காலி போடட்டுமா?”

“வேண்டாம்மா. நாற்காலி சுகம் கண்டா அப்புறம் மேல போக மனசு வராது.”

“பையனைக் கூப்பிடுறேன், தூக்கிட்டுப் போய் விட்டுடுவான்.”

“தூக்கினா அது அவன் ஏறினதா ஆயிடும்ல?”

“பொண்ணு வராளாமே. அவ வந்தப்புறம் ஏறக் கூடாதா? அதுவரைக்கும் எங்க வீட்லயே இருங்களேன்.”

நல்ல மனுஷி. ஆனால் அவருக்கு ஒன்று புரியவில்லை. நீ வருகிறாய் என்று ஆனபிறகு, இந்தப் படியை ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒன்றும் மாறப்போவதில்லை. உன்னை அங்கேயே நிறுத்திவைக்க வேண்டியதில்லை. ஏறினேன் என்று யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இவ்வளவு நாள் அவசரமாக இருந்தது, இப்போது அவசரம் இல்லை. இருந்தும் கால் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே அடுத்த படியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடது கால்தான்.

மேலே போய்ச் சேர்ந்தேனா என்று இதில் இருக்காது. கடிதத்தை முதல் மாடிக்காரம்மாவிடம் இங்கேயே கொடுத்துவிடப் போகிறேன், அவர் தபாலில் போடுவார். நீ வரும்போது முதலில் இந்த வீட்டுக் கதவைத் தட்டிப் பார். நான் இல்லையென்றால் மேலே வா. அங்கே கதவைத் திறக்க நேரமானால் பொறுமையாக இரு, நடந்து வந்துகொண்டிருப்பேன்.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எழுதுகிற கையும் கைப்பிடியைப் பிடிக்கிற கையும் ஒன்றுதான். பேனாவை மூடுகிறேன்.

அப்பா